இருமலுக்கு அட்டெண்டன்ஸ் கிடையாது

ஆணி அதிகம். பதிவு போட்டு ரொம்ப நாளாச்சு. டிராஃப்ட்ல நாலு மொக்கை பாதியிலேயே தூங்கிட்டு இருக்கு. அதையெல்லாம் விட்டுட்டு ராத்திரி பதினொரு மணிக்கு இதை எழுத உட்கார்ந்ததுக்குக் காரணம் என் சித்தி பையன்.

பொறியியல் ரெண்டாம் வருஷம், ஹாஸ்டல்வாசி. போன வாரம் ஃபோன் பண்ணினான். பேசுறதுக்கு முன்னாடியே அரை நிமிஷம் இருமல்.

"அண்ணா, நூத்தியொண்ணு காய்ச்சல். ரூம்ல ரெண்டு பேருக்கு முந்தாநாள் வந்துச்சு, இப்ப எனக்கு. நாளைக்கு லேப் இருக்குண்ணா. போகலைன்னா அட்டெண்டன்ஸ் எழுபத்தஞ்சுக்குக் கீழ போயிடும். பாரசிட்டமால் போட்டுட்டுப் போயிடவா?"

ஏசி லேப், ஜன்னலைத் திறக்க முடியாது, அறுபது பேர், மூணு மணி நேரம். "போகாதடா"ன்னு ஒரே வார்த்தைல சொல்லிட்டு வச்சுட்டேன். வச்சதுக்கப்புறம்தான் உறைச்சது. அவன் நிலைமைல இருந்தா நான் போயிருப்பேன். போயிருக்கேன். என்னை மாதிரி போனவங்க கதைதான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம், பொறுத்துக்குங்க.

2016. நான் மூணாம் வருஷம், ஆறாவது செமஸ்டர். தென் மாவட்டத்துல ஒரு தனியார் கல்லூரி. ஹாஸ்டல்ல நாலு பேருக்கு ஒரு ரூம். நாலு கட்டில் போட்டா நடுவுல ஒரு ஆள் நடக்கலாம், அவ்வளவுதான் இடம். ஜன்னல் ஒண்ணு உண்டு. கொசுவுக்குப் பயந்து அதுக்கு அட்டை வச்சு அடைச்சிருந்தோம்.

எங்க ரூம்ல ஒருத்தன். பேரு வேணாம், மாப்ளன்னே வச்சுக்குவோம் (ஹாஸ்டல்ல எல்லாருமே எல்லாருக்கும் மாப்ளதானே). பொங்கல் லீவு முடிஞ்சு வரும்போதே இருமிக்கிட்டு வந்தான். பனி, ஊர்ல குளிர்னு சொன்னான். நாங்களும் நம்பினோம். கல்லூரி மருந்தறைல போனா எதுக்குமே அந்த ரெண்டு மாத்திரை, கூட ஒரு சிரப். சிரப் பாட்டில் மூணு காலியாச்சு. இருமல் காலியாகலை. ராத்திரி அவன் இருமினா நாங்க தலையணையைத் தூக்கி எறிவோம். "பீடியை நிறுத்துடா"ன்னு கலாய்ப்போம். அவன் பீடி குடிச்சதே இல்லை. பிப்ரவரி கடைசியில பேண்ட்டுக்குப் புதுசா பெல்ட்ல ஓட்டை போட்டான். அதையும் கலாய்ச்சோம்.

ஒரு நாள்கூட அவன் வகுப்புக்கு லீவு போடலை. அவனோட அட்டெண்டன்ஸ் அப்ப எழுபத்தேழு. செமஸ்டர் ஆரம்பத்துல அக்கா கல்யாணத்துக்குப் போட்ட லீவுல ஏற்கனவே விழுந்த அடி.

மார்ச் முதல் வாரம், ஒரு காலைல வாஷ்பேசின்ல ரத்தம். அன்னிக்குத்தான் பயந்தோம். நான்தான் கூட அரசு ஆஸ்பத்திரிக்குப் போனேன். சின்ன டப்பால சளி கேட்டாங்க, மறுநாள் காலைல இன்னொரு தடவை கேட்டாங்க, எக்ஸ்ரே எடுத்தாங்க. டிபி.

அந்த டாக்டரம்மா அப்ப சொன்ன மூணு விஷயம் எனக்கு இன்னிக்கும் வரிசையா ஞாபகம் இருக்கு. ஒண்ணு, ஆறு மாசம் மாத்திரை ஒழுங்கா சாப்பிட்டா முழுசாக் குணமாகும். ரெண்டு, மருந்து ஆரம்பிச்சு ரெண்டு வாரம், பத்தாததுக்கு இன்னும் சில நாள் வீட்ல இருக்கட்டும், அப்புறம் பார்த்துட்டுச் சொல்றேன், காலேஜ் போகலாம். மூணு, "ரூம்ல வேற யார் இருக்கீங்க? எல்லாரும் வந்து பரிசோதனை பண்ணிக்கணும்."

இந்த மூணுல கல்லூரி எத்தனையைச் செஞ்சுச்சுன்னு கேட்டா, ஒண்ணைக்கூட இல்லை.

அன்னிக்குச் சாயங்காலமே வார்டன் ரூமுக்கு வந்தாரு. வாசல்லயே நின்னுக்கிட்டு, கர்ச்சீப்பை மூக்குல வச்சுக்கிட்டு, "அப்பாவை வரச்சொல்லுப்பா, நைட்டுக்குள்ள காலி பண்ணிடு"ன்னாரு. அவங்கப்பா வர ராத்திரி பத்து மணி ஆச்சு. அதுவரைக்கும் மாப்ள மொட்டை மாடிப் படிக்கட்டுல பெட்டியோட உட்கார்ந்திருந்தான். மறுநாள் அவன் மெத்தையை ஹாஸ்டல் பின்னாடி வச்சு எரிச்சாங்க. தட்டு, டம்ளர் குப்பைக்குப் போச்சு. ரூம் முழுக்க பிளீச்சிங் பவுடர் கொட்டிப் பூட்டினாங்க.

அடுத்து நடந்ததுதான் ஹைலைட். ஏழு வாரம் அவன்கூட ஒரே காத்தைச் சுவாசிச்ச எங்க மூணு பேரையும் என்ன செஞ்சாங்க தெரியுமா? ஆளுக்கு ஒரு ரூமா, மூணு வேற வேற ரூமுக்குப் பிரிச்சு அனுப்பிட்டாங்க. பரிசோதனை? கேட்கவே இல்லை. வெளியில யார்கிட்டயும் பேசக் கூடாதுன்னு மட்டும் சொன்னாங்க. அட்மிஷன் சீசன் வருது பாருங்க.

மெத்தையை எரிச்சது எல்லார் கண்ணுக்கும் தெரிஞ்சுது. ஆனா டிபி மெத்தைலயும் தட்டுலயும் பரவுற வியாதி இல்லை. நுரையீரல்ல டிபி இருக்கறவர் இருமும்போதும் பேசும்போதும் வெளிய வர்ற நுண்துளி, காத்தோட்டம் இல்லாத அறையில மணிக்கணக்கா மிதக்கும். அதைப் பல நாள், பல மணி நேரம் சுவாசிக்கிறவங்களுக்குத்தான் ஆபத்து அதிகம். அதாவது எங்க மூணு பேருக்கு. ஒரு லாரி பிளீச்சிங் பவுடர் கொட்டினாலும் அதை மாத்த முடியாது. ஜன்னல் அட்டையைப் பிச்சு எறிஞ்சிருந்தா கொஞ்சமாவது மாத்தியிருக்கும். பைசா செலவில்லாத வேலை.

இப்ப கணக்குக்கு வருவோம், நமக்குத் தெரிஞ்சது அதானே :-)

செமஸ்டருக்குத் தொண்ணூறு வேலைநாள்னு வச்சுக்குங்க. மாப்ள வெளியேறும்போது ஐம்பத்தஞ்சு நாள் முடிஞ்சிருந்தது. அதுல எழுபத்தேழு சதவீதம்னா நாற்பத்திரண்டு நாள் வந்திருக்கான். டாக்டரம்மா சொன்ன மாதிரி ஒரு பதினஞ்சு வேலைநாள் வீட்ல இருந்துட்டுத் திரும்பி வந்து, மிச்சம் இருபது நாளும் வகுப்புல உட்கார்ந்திருந்தா மொத்தம் அறுபத்திரண்டு. தொண்ணூறுக்கு அறுபத்திரண்டுன்னா அறுபத்தொன்பது சதவீதம் சொச்சம்னுகூட வேணாம், அறுபத்தொன்பதுக்கு ஒரு முடி கம்மி. அண்ணா பல்கலைக்கழக விதிப்படி 75 வேணும். ஆனா 65க்கும் 75க்கும் நடுவுல இருந்தா, நீண்ட நாள் ஆஸ்பத்திரி வாசம், விபத்து, குறிப்பிட்ட நோய்னு மருத்துவச் சான்றிதழ் காட்டித் தேர்வு எழுத அனுமதி வாங்கலாம். ஆக, பையன் தப்பிச்சிருப்பான்.

கல்லூரி என்ன சொல்லுச்சு? "ஆறு மாசம் முடிச்சு, முழுசாக் குணமாயிட்டான்னு சர்டிஃபிகேட் கொண்டு வரட்டும்." தொண்ணூறுக்கு நாற்பத்திரண்டு. நாற்பத்தேழு சதவீதம். 65க்குக் கீழ போனா எந்தச் சான்றிதழும் செல்லாது, அந்த செமஸ்டரையே திரும்பப் படிக்கணும். மாப்ள அடுத்த வருஷம் ஜூனியர் பசங்களோட உட்கார்ந்து படிச்சான். எங்க பேட்ச்சுக்குக் கேம்பஸ் இன்டர்வியூ வந்தப்ப அவன் பேரு பட்டியல்லயே இல்லை.

ஏழு வாரம் பரப்பக்கூடிய நிலையில வகுப்புல உட்கார வச்சுட்டு, பரப்ப முடியாத நிலைக்கு வந்தப்புறம் வாசல்ல நிறுத்திட்டாங்க. இதைவிட ஒரு விதியைத் தலைகீழா அமல்படுத்த முடியும்னு எனக்குத் தோணலை.

இதுல எனக்கு இன்னும் வயித்தெரிச்சலைக் கிளப்பினது ஒரு விஷயம். இந்தக் கேள்விக்கு விடை கண்டுபிடிச்ச ஊரே நம்ம சென்னைதான். 1956ல இங்க காசநோய் சிகிச்சை ஆராய்ச்சி மையம் ஒண்ணு ஆரம்பிச்சாங்க. மெட்ராஸ் அரசு, இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், உலக சுகாதார நிறுவனம், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் எல்லாம் சேர்ந்து. சேத்துப்பட்டுல இன்னிக்கும் தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனம்ங்கிற பேர்ல இருக்கு. அந்தக் காலத்துல டிபின்னாலே ஊருக்கு வெளிய சானடோரியம். குரோம்பேட்டைக்கும் தாம்பரத்துக்கும் நடுவுல மின்சார ரயில் நிக்குதே, தாம்பரம் சானடோரியம், அந்த ஸ்டேஷனுக்குப் பேரு வந்ததே 1928ல அங்க ஆரம்பிச்ச காசநோய் மருத்துவமனையாலதான்.

வாலஸ் ஃபாக்ஸ்ங்கிற டாக்டர் தலைமையில ஒரு ஆய்வு நடத்தினாங்க. சென்னையோட ஏழை நோயாளிகள்ல பாதிப் பேரைச் சானடோரியத்துல சேர்த்தாங்க. மீதிப் பாதியை வீட்லயே வச்சு மருந்து குடுத்தாங்க. யாரு எங்கங்கிறது குலுக்கல் முறை. வீட்ல இருந்தவங்களுக்கு நெருக்கடியான இடம், சாப்பாடும் சுமார்தான், ஓய்வும் கம்மி. ஒரு வருஷம் கழிச்சுப் பார்த்தா ரெண்டு கூட்டத்துக்கும் ஏறத்தாழ ஒரே அளவுக்குக் குணம். அதைவிட முக்கியம், வீட்ல நோயாளியை வச்சிருந்த குடும்பத்துக்கு, நோயாளியைச் சானடோரியத்துக்கு அனுப்பின குடும்பத்தைவிட அதிகமா நோய் வரலை. பெரிய ஆபத்து மருந்து ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடியே நடந்து முடிஞ்சிருந்தது. 1959ல இந்த முடிவு வெளியாச்சு. உலகம் முழுக்கச் சானடோரியங்களோட காலம் முடிஞ்சதுக்கு இந்த மெட்ராஸ் ஆய்வும் ஒரு முக்கியமான காரணம்.

1959ல மெட்ராஸ்ல தெரிஞ்ச விஷயம் 2016ல அதே மாநிலத்துல ஒரு பொறியியல் கல்லூரி வார்டனுக்கு வந்து சேரலை. அவரை மட்டும் திட்டவும் எனக்கு மனசு வரலை. அறுநூறு பசங்க, அவரோட சேர்த்து மூணு பேர் பொறுப்பு. பெத்தவங்க ஒருத்தர் மாத்தி ஒருத்தர் ஃபோன். இப்படி ஒண்ணு நடந்தா என்ன செய்யணும்னு ஒரு அரைப்பக்கத் தாள்கூட யாரும் அவருக்குக் குடுக்கலை. தீ பிடிச்சா என்ன பண்ணணும்னு ஒவ்வொரு மாடிலயும் போர்டு உண்டு. இருமினா என்ன பண்ணணும்னு எங்கயும் போர்டு கிடையாது. உலகத்துல டிபி வர்ற நாலு பேர்ல ஏறத்தாழ ஒருத்தர் இருக்கிற நாடு இது.

"அதெல்லாம் கொரோனாவுக்கு முன்னாடி பாஸ், இப்ப எல்லாரும் உஷார்"னு நீங்க சொல்லலாம். நானும் அப்படித்தான் நினைச்சேன். 2020 டிசம்பர்ல சென்னை ஐஐடி வளாகத்துல நூத்துக்கும் மேல மாணவர்களுக்குக் கொரோனா வந்தது ஞாபகம் இருக்கும். அத்தனை பேருக்கும் ஒரே மெஸ் இயங்கினதுதான் காரணம்னு அப்ப பேசப்பட்டது. ஆனா தெரிஞ்சதும் என்ன நடந்தது பாருங்க. லேபையும் துறைகளையும் மூடினாங்க, ஹாஸ்டல்ல இருந்தவங்களுக்குப் பரிசோதனை எடுத்தாங்க, ரூமுக்கே சாப்பாட்டுப் பொட்டலம் வந்துச்சு. ஆக, மனசு வச்சா ஒரு வளாகத்தால முடியும். நாடே பார்த்துக்கிட்டு இருந்ததால முடிஞ்சுது. யாரும் பார்க்காத ஒரு சாதா ஃப்ளூவுக்கும், ஒரு டிபிக்கும் அந்த மனசு வருதாங்கிறதுதான் கேள்வி. சித்தி பையன் ஃபோனை வச்சுப் பார்த்தா, வரலை.

ஒண்ணு சொல்லிடறேன். எல்லா இருமலுக்கும் ஒரே மருந்து மாதிரி, எல்லாத்துக்கும் ஒரே விதியும் சரிப்படாது. ஃப்ளூ, கொரோனா மாதிரி சமாச்சாரம் சில நாள்ல பரவி சில நாள்ல முடியும். அறிகுறி தெரியறதுக்கு முன்னாடியே பரவ ஆரம்பிச்சிடும். அங்க முக்கியம் சீக்கிரம் ஒதுங்கி இருக்கறது. டிபி மெதுவான ஆசாமி. கிருமி உள்ள போனவங்கள்ல பெரும்பாலானவங்களுக்கு நோயே வராது. வர்றவங்களுக்கும் மாசக்கணக்குல, வருஷக்கணக்குலகூட ஆகலாம், முதல் ரெண்டு வருஷம் வாய்ப்பு அதிகம். அங்க முக்கியம் கூட இருந்தவங்களைத் தேடிப் பரிசோதிக்கிறது. ரெண்டுக்கும் பொதுவானது ஒண்ணே ஒண்ணு. நோயாளி தானா முன்வந்து "எனக்கு முடியலை"ன்னு சொல்லணும். அப்படிச் சொல்றவனுக்குத் தண்டனை குடுத்தா எவனும் சொல்ல மாட்டான்.

அட்டெண்டன்ஸ் விதி அந்தத் தண்டனையைத்தான் குடுக்குது. ஆஸ்பத்திரில படுத்தா சான்றிதழ் உண்டு. மத்தவனுக்குப் பரவக் கூடாதுன்னு மூணு நாள் ரூம்ல படுத்தவனுக்கு என்ன உண்டு? மூணு ஆப்சென்ட்.

"அப்படி விட்டா எல்லாப் பயலும் காய்ச்சல்னு சொல்லிச் சினிமாவுக்குப் போவான்"னு எங்க பேராசிரியர் ஒருத்தர் சொல்வாரு. நியாயமான பயம். நானும் போயிருக்கேன், இல்லைங்கலை :-) ஆனா பொய்ச் சான்றிதழ் இப்பவும் தாராளமா நடமாடுதே. காசு குடுத்து வாங்குறவன் தப்பிச்சுக்கிறான். நிஜமாவே காய்ச்சல் வந்து, வாங்கத் தெரியாதவன் லேப்ல வந்து இருமுறான். இருக்கிற விதி பொய் சொல்றவனையும் தடுக்கலை, நோயையும் தடுக்கலை. அப்ப யாரைக் காப்பாத்துது?

வெறும் புலம்பலா முடிக்கக் கூடாது. என் புத்திக்கு எட்டினது:

1. காய்ச்சல் இருமலுக்கு செமஸ்டருக்கு அஞ்சு நாள், சான்றிதழ் கேட்காம, அட்டெண்டன்ஸ் கணக்குலயே சேர்க்காம விடுங்க. அளவு வச்சுட்டா துஷ்பிரயோகத்துக்கும் அளவு வந்துடும். தவறிப்போன லேபுக்கும் டெஸ்டுக்கும் செமஸ்டர் கடைசில ஒரு மாற்று நாள்.

2. ரெண்டு வாரத்துக்கு மேல இருமலா? மருந்தறைல நாலாவது சிரப் குடுக்காதீங்க. அரசு மருத்துவமனைல சளிப் பரிசோதனை இலவசம். அனுப்பி வைங்க.

3. டிபின்னு தெரிஞ்சா கூட இருந்தவங்களை முதல்ல பரிசோதனைக்குக் கூட்டிட்டுப் போங்க. ரூம் மாத்துறதெல்லாம் அப்புறம்.

4. திரும்ப வரலாம்னு சொல்ற அதிகாரம் சிகிச்சை குடுக்கிற டாக்டருக்கு. வார்டனுக்கும் கிடையாது, பெற்றோர் கூட்டத்துக்கும் கிடையாது. மருந்துக்கு அடங்காத டிபின்னா கணக்கு வேற, அதையும் அவரே சொல்லட்டும்.

5. ஹாஸ்டல் ஜன்னலுக்குக் கொசுவலை அடிங்க. பசங்க திறந்து வைப்பாங்க. அஞ்சுலயும் இதுதான் சீக்கிரம் ஆகுற வேலை.

கல்லூரியைப் பத்தி இவ்வளவு பேசிட்டு என்னைப் பத்திச் சொல்லாம விட்டா அது அயோக்கியத்தனம். மாப்ள மொட்டை மாடிப் படிக்கட்டுல உட்கார்ந்திருந்த அன்னிக்கு ராத்திரி, நான் கீழ மெஸ்ல சாப்பிட்டுக்கிட்டு இருந்தேன். ஆஸ்பத்திரிக்குக் கூடப் போன அதே நான்தான். வார்டன் கர்ச்சீப்பைப் பார்த்ததும் எனக்கும் பயம் ஒட்டிக்கிச்சு. ரெண்டு இட்லி வாங்கிட்டு மேல போகணும்னு தோணுச்சு. போகலை. அவங்கப்பா பெட்டியைத் தூக்கிக்கிட்டு இறங்கும்போது மாடி வளைவுல நின்னு பார்த்தேன். அதுக்கப்புறம் நாலு மாசம் ஃபோன் பண்ணலை. நான் தனியாப் போய் எக்ஸ்ரே எடுத்துக்கிட்டேன், ஒண்ணும் இல்லை. அந்தப் பரிசோதனையைப் பத்தி மத்த ரெண்டு பேர்கிட்டகூடச் சொல்லலை. ஒருத்தன் போகவே இல்லை. வேலைல சேர்ந்த முதல் வருஷம், 2017 கடைசில, அவனுக்கு டிபின்னு தெரிஞ்சுது. எங்க ரூம்ல இருந்துதான் வந்துச்சுன்னு யாரும் அடிச்சுச் சொல்ல முடியாது. இல்லைன்னும் சொல்ல முடியாது. ரெண்டு பேரும் இப்ப நல்லா இருக்காங்க. மாப்ளக்குப் போன வருஷம் பொண்ணு பொறந்திருக்கு.

ஒரு தடவை அவன்கிட்ட மன்னிப்புக் கேட்டேன். "விடுறா, நீயாவது ஆஸ்பத்திரிக்கு வந்தே"ன்னான். அது ஆறுதல் இல்லைன்னு எங்க ரெண்டு பேருக்கும் தெரியும்.

இதை எழுதிக்கிட்டு இருக்கும்போதே சித்தி பையன்கிட்ட இருந்து மெசேஜ். "அண்ணா காய்ச்சல் விட்டுடுச்சு. லேபுக்குப் போகலை. அட்டெண்டன்ஸ் 74.3."

நாளைக்கு அவன் துறைத் தலைவர்கிட்ட நான் பேசணும். என்ன சொல்றதுன்னு யோசிச்சுக்கிட்டு இருக்கேன். உங்க கல்லூரில, ஆபீஸ்ல இது எப்படி நடக்குதுன்னு பின்னூட்டத்துல சொல்லுங்க மக்களே. உருப்படியா ஒரு விதி எங்கயாவது இருந்தா அதை அப்படியே அவர் மேஜைல வைக்கலாம்.

டிஸ்கி: நான் டாக்டர் இல்லை, பொட்டி தட்டுறவன். ரெண்டு வாரத்துக்கு மேல இருமிக்கிட்டே இதைப் படிக்கிறவங்க பின்னூட்டம் போடுறதை ஒத்தி வச்சுட்டு முதல்ல போய் சளிப் பரிசோதனை பண்ணிக்குங்க.